முதலை இருக்குங்க, இறங்காதீங்க

அவிநாசிப் பக்கத்துக்காரர்களுக்கு முதலைக் கதை புதிதல்ல. இரண்டு சிறுவர்கள் குளத்துக்குக் குளிக்கப் போகிறார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிடுகிறது, மற்றவன் தப்பி வீடு வந்து சேர்கிறான். சில ஆண்டுகள் கழித்துச் சுந்தரர் அந்தத் தெருவில் நடந்து வரும்போது ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மேளம் கேட்கிறது, எதிர்வீட்டில் அழுகுரல் கேட்கிறது. என்ன ஏதென்று விசாரித்தவர் நேரே குளக்கரைக்குப் போய்ப் பதிகம் பாட, முதலை அந்தப் பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து விடுகிறது. இத்தனை வருஷம் வீட்டில் வளர்ந்திருந்தால் எப்படி இருப்பானோ, அப்படியே நிற்கிறான் பிள்ளை. சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய இந்த நிகழ்வை ‘முதலை வாய்ப் பிள்ளை’ விழாவாக அவிநாசியில் இன்றைக்கும் நடத்துகிறார்கள்.

அற்புதத்தைப் பக்தர்களிடம் விட்டுவிடுவோம். பிள்ளைகள் குளிக்கப் போன இடம், கூடப் பெரியவர்கள் இல்லாதது, ஒருவன் திரும்பாதது, பல வருஷம் கழிந்தும் அந்தத் தாய் அழுவது, இதெல்லாம் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் கொங்கு மண்ணில் குளத்தில் இறங்குகிறவர்கள் முதலையை நினைத்துக்கொண்டுதான் இறங்கியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அவிநாசிக் குளங்களில் இப்போது முதலை இல்லை. ஆனால் அதே திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது. ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கு அருகில் என்று கணக்கிடப்பட்ட கூட்டமே இருக்கிறது.

முட்டையிலிருந்து மீண்ட இனம்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு சாலையில் 25 கிலோமீட்டர் தெற்கே போனால் அமராவதி அணை. 1957-ல் கட்டி முடித்தது. 90 அடி உயரம், ஏறக்குறைய 4 டி.எம்.சி. கொள்ளளவு. திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 54 ஆயிரம் ஏக்கருக்கு மேல் இதை நம்பி நெல்லும் கரும்பும் தென்னையும் நிற்கின்றன. ஆனைமலைக்கும் பழனிமலைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தாக்குகளிலிருந்து பாம்பாறு, சின்னாறு, தேனாறு மூன்றும் இறங்கி வந்து இங்கே சேர்கின்றன. இந்த ஆறுகளும் அணையும்தான் தென்னிந்தியாவில் சதுப்புநில முதலை இயற்கையாக முட்டையிட்டுப் பெருகும் முக்கியமான இடங்களில் ஒன்று.

இந்த நிலை தானாக வந்ததல்ல. 1970-களின் தொடக்கத்தில் முதலை இந்தியாவிலிருந்தே போய்விடும் என்ற நிலை இருந்தது. தோலுக்காகச் சுட்டார்கள், முட்டையைத் தோண்டித் தின்றார்கள், வலையைக் கிழிக்கிறது என்று அடித்துக் கொன்றார்கள். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் உதவியோடு மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஒகேனக்கல், சாத்தனூர், அமராவதி ஆகிய இடங்களில் பண்ணைகள் வந்தன. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் முதலைப் பண்ணை அமைத்ததும் இதே காலத்தில்தான், 1976-ல்.

அமராவதியில் வேலை எளிமையாகவும் பொறுமையாகவும் நடந்தது. அணையின் கரையோரம் முதலைகள் இட்ட முட்டைகளை வனத்துறை ஊழியர்கள் தேடி எடுத்துவந்து, பண்ணையில் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்துத் திரும்பவும் ஆறுகளில் விட்டார்கள். நரியும் உடும்பும் நாரையும் தின்றதுபோக மிஞ்சுவது மிகச் சில என்ற கணக்கை மனிதர்கள் மாற்றி எழுதினார்கள். பின்னால் விடுவதற்கு இடம் போதாத அளவுக்குப் பெருகியதால் இனப்பெருக்கத்தையே நிறுத்த வேண்டிவந்தது. காட்டு விலங்குப் பாதுகாப்பில் நாம் பெற்ற தெளிவான வெற்றிகளில் இது ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

வெற்றிக்கு ஒரு விலை உண்டு. முதலை திரும்பி வந்த தண்ணீரில் நாமும் இருக்கிறோம்.

தண்ணீரில் இறங்குவது யார்?

அணைக்கு மேலே காட்டுக்குள் தளிஞ்சி, மூங்கில்பள்ளம், மஞ்சம்பட்டி என்று மலைப்புலையரும் முதுவரும் வாழும் குடியிருப்புகள் இருக்கின்றன. தளிஞ்சிக்காரர்கள் சாலைக்கு வர வேண்டுமென்றால் கூட்டாற்றைக் கடக்க வேண்டும். மழை பிடித்தால் நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் இறங்கும் படங்கள் பலமுறை பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. அவர்களுக்கு அந்த ஆறு பொழுதுபோக்கல்ல, அதுதான் பாதை. ஆற்றோடு பிறந்து வளர்ந்தவர்கள், எந்தக் கசத்தில் முதலை படுக்கும் என்பது தெரிந்தவர்கள். வெள்ளக் காலத்தில் அந்த அறிவால் ஓரளவுதான் பயன். பாலம் கட்டித் தருவதை ஒரு சலுகையாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். முதலை வாழும் ஆற்றைக் குழந்தையோடு கடக்க வைத்துவிட்டு, அதற்கு எதிரே பாதுகாப்புப் பலகை எழுதி வைப்பது நியாயமே இல்லை.

அணைக்குள் பரிசலில் வலை போடுகிற மீனவர்கள் இன்னொரு கூட்டம். கட்லா, ரோகு, ஜிலேபி என்று பிடிக்கிறார்கள். அதே மீனைத்தான் முதலையும் தேடுகிறது. வலையில் சிக்கிய மீனை எடுக்க வந்து வலையைக் கிழித்துக்கொண்டு போவதும் உண்டு.

அணைக்குக் கீழே கல்லாபுரம், குமரலிங்கம், கொழுமம், மடத்துக்குளம், கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று ஆற்றை ஒட்டியே ஊர்கள். பல ஊர்களுக்கு அணை வருவதற்கு முன்பிருந்தே ராஜவாய்க்கால் பாசனம் உண்டு. துணி துவைப்பது, மாடு கழுவுவது, ஆடிப்பெருக்குக்கு முளைப்பாரி விடுவது எல்லாம் ஆற்றில்தான். வெள்ளத்தில் அணையிலிருந்து அடித்துவரப்பட்ட முதலைகள் மடத்துக்குளம், தாராபுரம் பக்கம் தென்பட்டதாக அவ்வப்போது செய்தி வருகிறது. வனத்துறை எச்சரிக்கை விடுகிறது, கூண்டு வைக்கிறது. சில நாள் ஊர் பயப்படும், பிறகு பழையபடி படித்துறைக்குப் போகும். வேறு எங்கே போவது?

நான்காவது கூட்டம்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட், சில வாரம் இரண்டு ஷிப்ட் என்று பவர் டேபிளிலும் கட்டிங் மேஜையிலும் நின்றவர்களுக்குக் கிடைக்கிற ஒரு நாள். பீகார், ஒடிசா, ஜார்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று வந்த இளைஞர்களும், மதுரை, தேனி, தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் வேன் பிடித்தோ, இரண்டு மூன்று பைக்கிலோ தெற்கே கிளம்புகிறார்கள். பல்லடம், உடுமலை தாண்டி மலை தெரிய ஆரம்பித்ததும் மனம் குளிர்ந்துவிடும். அணையில் தண்ணீரைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றத்தான் கை போகும். அந்தக் கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீராவியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த உடம்பு அது.

“முதலை இருக்குங்க, இறங்காதீங்க” என்று உள்ளூர்க்காரர் சொன்னால் தமிழ் தெரிந்தவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்கு?

கரையோரத்தின் கணக்கு

முதலையைப் பற்றி நாம் வைத்திருக்கும் பயத்துக்கும் அது உண்மையில் நடந்துகொள்ளும் விதத்துக்கும் தொடர்பு குறைவு. மனிதனைத் துரத்திக்கொண்டு ஆழத்துக்கு வருகிற பிராணியல்ல அது. காத்திருக்கிற பிராணி. கண்ணும் மூக்கும் மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி மிதக்கும், அல்லது அதுவும் தெரியாமல் அடியில் கிடக்கும். குளிர் ரத்தப் பிராணி என்பதால் அடிக்கடி தின்ன வேண்டியதில்லை. அவசரமும் இல்லை. தண்ணீர் குடிக்க வரும் மான், நாய், கன்றுக்குட்டி எல்லாம் கரையோரத்துக்குத்தான் வந்தாக வேண்டும். அதனால் அதன் வேட்டையும் கரையோரத்தில்தான்.

ஆகவே நடு ஆழத்தில் நீந்துவதுதான் ஆபத்து, முழங்கால் அளவில் நின்று துணி அலசுவது பாதுகாப்பு என்ற எண்ணம் முதலைத் தண்ணீரில் தலைகீழ். குனிந்து நிற்கும் மனித உருவம் முதலைக்குச் சின்ன விலங்காகத் தெரியும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே படியில் இறங்குகிறவர்களை அது கவனிக்கும். கலங்கல் தண்ணீர், மாலை மயங்கும் நேரம், இரவு, இவையெல்லாம் அதற்குச் சாதகம். மீன் கழுவிய கழிவையும் கோழிக் கழிவையும் ஆற்றில் கொட்டும் இடம் என்றால் இன்னும் மோசம், நாமே விருந்துக்கு அழைத்ததாகிவிடும்.

இன்னொரு காலக்கணக்கும் உண்டு. மாசி, பங்குனி வாக்கில் பெண் முதலை கரையில் குழி தோண்டி 25, 30 முட்டை இட்டு மூடும். இரண்டு மாதம் பக்கத்திலேயே காவல் இருக்கும். குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்க, தாய் மண்ணைக் கிளறி, அந்தப் பயங்கரமான வாயில் ஒவ்வொன்றாகப் பூப்போலக் கவ்விக்கொண்டுபோய்த் தண்ணீரில் விடும். முட்டை இருந்த மண்ணின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதையே தீர்மானிக்கிறது. இந்த இரண்டு மூன்று மாதமும் தாய் முதலை யாரையும் கிட்டே சேர்க்காது. நம்முடைய பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை முடிந்து விடுமுறை விடுகிற காலமும், அணையில் நீர் குறைந்து கரை அகன்று மக்கள் உள்ளே இறங்கிப் போகிற காலமும் அதுதான்.

நீச்சல் வீரர்கள் ஆபத்தான தண்ணீரில் இறங்கவே இல்லையா என்று கேட்கலாம். இறங்கியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து நவரத்தினசாமி 1954-ல் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். 1966-ல் மிஹிர் சென் அதே கடலில் 25 மணி நேரத்துக்கு மேல் நீந்தினார். சுறாவும் கடல்பாம்பும் உள்ள கடல் என்பதால் இந்தியக் கடற்படைக் கப்பல்கள் கூடவே வந்தன. நம் குற்றாலீசுவரன் 1994-ல் பள்ளிச் சிறுவனாக அந்த நீரிணையைக் கடந்தார். இவர்கள் எல்லோரும் நீரோட்டம் பார்த்து, நாள் குறித்து, துணைப்படகில் ஆள் வைத்து இறங்கியவர்கள். வீரம் என்று நாம் கைதட்டியதில் பாதி முன்னேற்பாடு. அணைக்கரையில் நண்பர்கள் செல்போனில் படம் எடுக்க ஒருவன் குதிப்பதில் அந்த முன்னேற்பாடு எதுவும் இல்லை.

பக்கத்தில் ஒரு ஆறு இருந்தது

திருப்பூருக்கு நடுவிலேயே நொய்யல் ஓடுகிறது. இத்தனை லட்சம் பேர் ஒரு குளியலுக்காக முதலை வாழும் அணைவரை ஏன் போக வேண்டும் என்ற கேள்விக்கு விடை அந்த ஆற்றில் கிடக்கிறது. சாயப்பட்டறைக் கழிவு பல ஆண்டுகள் இதில் விடப்பட்டது. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியானது. விவசாயிகளின் நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பின், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியேறாத சுத்திகரிப்புக்கு அதன் பிறகு தொழில் மாறியது. அதற்கான செலவும் உழைப்பும் பெரியவை, மறுக்கவில்லை. ஆனாலும் இன்றைக்கும் நொய்யலில் பிள்ளையை நீந்த விடுகிற அம்மா திருப்பூரில் கிடையாது.

முதலை இல்லாத ஆற்றில் இறங்க முடியவில்லை, முதலை உள்ள ஆற்றில் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. எந்த ஆறு அதிகம் பேரைக் கெடுத்தது என்று யோசித்தால் முதலை மேல் கோபம் வராது.

கொங்குநாட்டுப் பிள்ளைகள் நீச்சல் கற்றது பெரும்பாலும் ஆற்றிலும் அல்ல, தோட்டத்துக் கிணற்றில். இடுப்பில் சுரைப்புருடையைக் கட்டி அப்பாவோ தாய்மாமனோ கிணற்றுக்குள் தள்ளிவிடுவார்கள். மோட்டார் மேட்டில் ஒருவர் கண்ணும் கருத்துமாக உட்கார்ந்திருப்பார். நிலத்தடி நீர் ஆயிரம் அடிக்குக் கீழே போய், ஆழ்குழாய்க் கிணறு வந்தபிறகு அந்தப் பள்ளிக்கூடம் மூடப்பட்டுவிட்டது. ஒரு தலைமுறைக்கு நீச்சலே தெரியாது.

இப்போது தண்ணீர் திரும்பி வருகிறது. 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் பவானி உபரிநீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறது. அரை நூற்றாண்டுக்கும் மேல் கேட்டுப் பெற்ற தண்ணீர். வறண்டு கருவேலம் முளைத்த குழிகளில் நீர் நிற்பதைப் பார்க்கக் கண் நிறைகிறது. அந்தக் கரைகளில் நிற்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மிதக்கத் தெரியும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் 35,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். முதலையால் இறப்பவர்களை இதன் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. அமராவதியிலும் சேறு, ஆழம், திடீரென்று திறக்கிற மதகு, இவை முதலைக்கு முன்னால் ஆளை வாங்கிவிடும்.

மற்ற ஊர்கள் என்ன செய்தன?

ஒடிசாவின் பித்தர்கனிகாவில் வாழ்வது நம் முதலையைவிடப் பெரிய, கோபக்கார உப்புநீர் முதலை. அங்கே கேந்திரபாரா மாவட்டத்தில் ஊர்ப் படித்துறைகளைச் சுற்றி வனத்துறை தடுப்பு வேலி போட்டிருக்கிறது. வேலிக்குள் குளிக்கலாம், துவைக்கலாம். இலங்கையின் தென்கோடியில் மாத்தறையை ஒட்டி ஓடும் நில்வள கங்கையிலும் கரையோரம் கம்பும் கம்பியும் அடித்துக் குளிக்கும் கூண்டு கட்டுகிறார்கள். இது பெரிய தொழில்நுட்பம் அல்ல. ஊருக்கு ஒரு கொத்தனாரும் வெல்டரும் போதும். வெள்ளம் போனபின் வேலி சரியாக இருக்கிறதா, உள்ளே ஏதும் புகுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

குஜராத்தில் இதே சதுப்புநில முதலை இரண்டு விதமாக வாழ்கிறது. சரோதர் பகுதிக் கிராமக் குளங்களில் முதலையும் மக்களும் அருகருகே இருக்கிறார்கள். முதலையை வாகனமாகக் கொண்ட கோடியார் மாதாவின் பிராணி என்று அதைத் தொந்தரவு செய்வதில்லை. அங்கே தாக்குதல் அரிது. வதோதரா நகருக்குள் ஓடும் விசுவாமித்திரி ஆற்றிலோ சாக்கடையும் குப்பையும் நெருக்கடியும். வெள்ளம் வந்தால் முதலை தெருவுக்கே வந்துவிடுகிறது. ஒரே இனம், நடத்தை வேறு. அதை மாற்றியது நாம் ஆற்றை வைத்திருக்கும் விதம்.

நம் மாநிலத்திலும் படிக்க ஒரு பாடம் இருக்கிறது. கொள்ளிடக் கரையில், சிதம்பரம் சுற்றுவட்டாரத்தில் முதலை கடித்து உயிரையும் கையையும் காலையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். பிடிபடும் முதலைகளை வக்காரமாரி ஏரியில் கொண்டுபோய் விடுவது அங்கே வழக்கமாகிவிட்டது. பிடித்து வேறு இடத்தில் விடுவதால் மட்டும் தீராது என்பதை அந்த ஊர்கள் பல ஆண்டுகளாக அனுபவித்து வருகின்றன. முதலைக்குத் தன் இடத்தைத் தேடித் திரும்பத் தெரியும், காலி இடத்துக்கு இன்னொன்று வரவும் தெரியும்.

ஆகவே மடத்துக்குளத்திலோ தாராபுரத்திலோ ஒரு முதலை தென்பட்டதும் “பிடித்துக்கொண்டு போங்கள்” என்று மறியல் செய்வதைவிட, “எங்கள் படித்துறைக்கு வேலி போட்டுக் கொடுங்கள்” என்று கேட்பது பயன் தரும். கொழுமம் முதல் தாராபுரம் வரை மக்கள் அதிகம் இறங்கும் துறைகள் எவை என்று ஊராட்சிகளுக்குத் தெரியும். ஊருக்கு ஒரு துறையாவது வேலியடைத்துத் தர மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். கூட்டாற்றுக்குப் பாலம் வேண்டும். அதற்குப் புலிகள் காப்பக விதிகள் தடை என்றால், அந்த விதிகளுக்குள் நடைபாலமாவது கட்ட வழி காண்பது அதிகாரிகளின் வேலை.

பனியன் கம்பெனி முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் இது. வெளிநாட்டு பையர் வருகிறார் என்றால் தீயணைப்பான் பலகையை ஐந்து மொழியில் எழுதி மாட்டுகிறீர்கள். அதன் பக்கத்தில் இன்னொரு பலகை மாட்டுங்கள். அமராவதி அணையிலும் ஆற்றிலும் முதலை உண்டு, குளிக்க இறங்காதே என்று இந்தி, ஒடியா, வங்காளம், அசாமிய மொழிகளில், படத்தோடு. விடுதி வைத்திருக்கும் பெரிய கம்பெனிகள் சேர்ந்தால் தொழிலாளர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் நீச்சல் குளம் கட்ட முடியும். நொய்யலுக்கு இந்த ஊர் பட்டிருக்கும் கடனில் அது சிறு பகுதி.

வாசகர்களுக்கு: இந்தக் கோடையில் அமராவதிக்குப் போங்கள். பண்ணையில் முதலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், கல் எறியாமல், காகிதக் கப் வீசாமல். அணையில் கால் நனைக்க வேண்டாம், ஆற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் தனியாக வேண்டாம், இருட்டிய பிறகு வேண்டவே வேண்டாம். யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதிக்காமல் வேட்டியோ சேலையோ கயிறோ வீசுங்கள், 112-ஐ அழையுங்கள். முதலையைக் கண்டால் பின்வாங்கி வந்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் நீந்தத் தெரியாது என்றால் இந்த விடுமுறையிலேயே கற்றுக்கொடுங்கள்.